இரவாகப் பதிந்த பகல்கள்

லாமி
4 ஜூன் 2000

மேரியன் அத்தை,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் உங்கள் தம்பி வால்டரின் மகள் க்ரேஸ். நீங்கள் ஃபிஜியை விட்டுப் போனபோது எனக்கு ஒரு வயது. இப்போது ஃபோர்ம் ஃபோர் படிக்கிறேன்.

வீட்டில் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்றால் அம்மா குரலைத் தாழ்த்தி, வீட்டில் நாங்கள் பேசும் இந்தியில், "ஆக்லாந்து பூவா" என்பார். அப்பாவின் அக்காவைத் தமிழில் அத்தை என்பார்கள் என்பதைப் பள்ளித் தமிழ் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். அந்த வகுப்பில் நாங்கள் நான்கே பேர். தமிழில் எழுதக் காரணம், இந்த வீட்டில் வேறு யாருக்கும் இந்த எழுத்துப் படிக்க வராது. நீங்கள் ஆலயத்தில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தே பாடுவீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தப்பு இருந்தால் மன்னியுங்கள்.

துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்ததை அங்கே டிவியில் பார்த்திருப்பீர்கள். சுவாவில் கடைகள் எரிந்தன. இரவில் ஊரடங்கு. டூரிஸ்ட் யாரும் வருவதில்லை என்பதால் அப்பாவின் கம்பெனி தன் மூன்று சிறு விமானங்களையும் நௌசோரி விமான நிலையத்தில் கட்டிப்போட்டுவிட்டது. விமானிகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பா இன்னமும் நாலரைக்கு எழுந்து ஷேவ் செய்கிறார். அதன் பிறகு போக இடமில்லை.

போன வாரம் எங்கள் தெருவில் கல்லெறிந்தார்கள். பக்கத்து வீட்டு செரா ஆன்ட்டியின் கணவர் வந்து எங்கள் படியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைப் போல இந்திய வம்சாவளி இல்லை, மண்ணின் ஃபிஜியர் என்பதால் கல் நின்றது. அவர் வரும்முன் அப்பா எதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடினார் தெரியுமா? பாஸ்போர்ட்டை இல்லை. அம்மாவின் சங்கிலியை இல்லை. தன் ஆறு லாக்புக்குகளை. பதினாறு வருடம் பறந்த ஒவ்வொரு மணியும் அதில்தான் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. அவை எரிந்தால் அப்பா ஒரு நாளும் பறக்காத மனிதர் ஆகிவிடுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

எங்கள் மோகினி டீச்சர், பறந்த மணிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற புரோகிராம்கள் இருப்பதாகச் சொன்னார். நீங்கள் விமானப் பயிற்சிக் கழகத்தின் அலுவலகத்தில் வேலை செய்வதாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தீர்கள். (அம்மா அதை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறார்.) எந்தப் புரோகிராம் நல்லது? அங்கே யாராவது அப்பாவை வேலைக்கு எடுப்பார்களா?

அப்பாவுக்குத் தெரியக் கூடாது. பதிலை டீச்சரின் தபால் பெட்டிக்கு அனுப்புங்கள். கல்லெறிந்த நாளிலிருந்து அப்பா முன்னறை சோபாவில்தான் படுக்கிறார். இப்போது புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது.

க்ரேஸ்

*

ஆக்லாந்து
13 ஜூன் 2000

க்ரேஸ்,

உன் கடிதத்தை அலுவலகக் கவுண்டரில் நின்றபடியே படித்தேன். ஒரு பயிற்சி மாணவன் "ஏதாவது கெட்ட செய்தியா மேடம்?" என்று கேட்டான். "இல்லை, என் மருமகளுக்கு எழுத வருகிறது" என்றேன். உன் தமிழில் மூன்று பிழை. என்னுடையதில் எத்தனை என்று நீ சொல்லாதே.

உன் அப்பனைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். எண்பத்தேழில் இரண்டாம் முறை ஆட்சியைக் கவிழ்த்தபோது நான் போகிறேன் என்றேன். "ஓடிப்போகிறவர்களுக்கு இந்த வீட்டில் இனி நாற்காலி கிடையாது" என்றான். பதின்மூன்று வருடமாக நானும் நாற்காலி கேட்கவில்லை. ஆகவே இதை அவனுக்காகச் செய்கிறேன் என்று நினைக்காதே. நீ கேட்டாய், செய்கிறேன்.

உன் நேரம் நல்ல நேரம். எங்கள் கழகமே இந்த வருடம் ஒரு புரோகிராம் தேர்ந்தெடுக்கப் போகிறது. மூன்று பெட்டி என் மேசையில் இருக்கிறது. பெயர்கள் வாயில் நுழையாது. அட்டை நிறத்தால் சொல்கிறேன்.

சிவப்பு: அமெரிக்காவில் செய்தது. தேதியில் மாதத்தை முன்னால் போடும். ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மட்டும் கொடுத்தால் போதும், மீதியை அழகாக அச்சிட்டுக் கொடுக்கும். இரண்டு இரவில் முடித்துவிடலாம்.

நீலம்: ஒவ்வொரு பயணத்தையும் ஒரு வரியாக அடிக்க வேண்டும். புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் கொடுத்தால், அந்த இடத்தில் சூரியன் மறைந்ததா இல்லையா என்று அதுவே பார்த்துப் பகல் மணி, இரவு மணி பிரிக்கும். முதுகு ஒடியும் வேலை.

பச்சை: வெறும் கட்டங்கள். கூட்டவே மூன்று முறை தட்ட வேண்டும். அதை மறந்துவிடு.

இங்கே வடக்குத் தீவுகளுக்குப் பறக்கும் சின்ன கம்பெனி ஒன்று விமானி தேடுகிறது. முதலில் மணிகளின் பட்டியல் மட்டும் போதுமாம். பிடித்தால் பிறகு ஆளைக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் அச்சாக இருக்க வேண்டும், ஆகஸ்ட் பதினைந்துக்குள் வேண்டும். சிவப்பை எடு. மூன்றின் சி.டி.யையும் இத்துடன் டீச்சர் பெட்டிக்கு அனுப்புகிறேன்.

கதவைத் தாழிட்டுப் படு.

மேரியன் அத்தை

*

லாமி
21 ஜூன் 2000

அன்புள்ள அத்தைக்கு,

சி.டி.கள் உடையாமல் வந்தன. மிக்க நன்றி. மோகினி டீச்சர் தன் லாப்டாப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார். "ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன், நீ வைத்துக்கொள்" என்றார். மின்சாரம் விட்டு விட்டு வருகிறது. பாட்டரி ஒரு மணி நேரம் நிற்கும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, அப்பா சோபாவில். ஆகவே அவர்களுடைய அறையில் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறேன். லாக்புக் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் நீலத்தை எடுக்கிறேன்.

மூன்றையும் போட்டுப் பார்த்தேன். சிவப்பில் குறிப்பு எழுத இடமே இல்லை. பச்சையில் இருபது எழுத்தோடு நின்றுவிடுகிறது. நீலத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அப்பா ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஏதாவது எழுதியிருக்கிறார், அத்தை. வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் இங்கே பேசியிருக்கிறார். இங்கிலீஷில் உள்ளதை நான் தமிழாக்கித் தருகிறேன்:

"கொரோ தீவு. முன்னால் மழைத் திரை. இரண்டு முறை சுற்றினேன்."

"பயணிகள் எட்டு, ஆமை ஒன்று."

"புதுமணத் தம்பதி. பெண்ணுக்கு வாந்தி. மாப்பிள்ளைக்கு அதைவிட."

இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் காப்பாற்றினால் பாதி அப்பாதான் மிஞ்சுவார். மொத்தம் மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் வரி. போய்வருவது ஒரு வரி. புறப்பட்ட நேரமும் இறங்கிய நேரமும் அப்பா தானே கோடு போட்டு எழுதியிருக்கிறார். ஓர் இரவுக்கு நூறு வரி என்றால் முடியும்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டாம் புத்தகத்தில் 9 அக்டோபர் 1987. நௌசோரி–நாடி–நௌசோரி. குறிப்பு இப்படி இருக்கிறது: "காற்று அமைதி. மே. பின்னால் உட்கார்ந்தாள். பேசவில்லை. திரும்பும்போது இருக்கை காலி."

மே. என்பது நீங்களா?

தெருவில் ராணுவ லாரி நிற்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

க்ரேஸ்

*

ஆக்லாந்து
30 ஜூன் 2000

க்ரேஸ் கண்ணு,

நான்தான்.

அந்தச் சின்ன விமானத்தில் ஓட்டுகிறவனுக்கும் பயணிக்கும் நடுவே சுவர் கிடையாது. கை நீட்டினால் தொடலாம். அவன் கழுத்தின் பின்னால் ஒரு கொப்புளம் இருந்தது. முப்பத்தைந்து நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மருந்து போடுடா" என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் பேசட்டும் என்று இருந்தேன். அவனும் அப்படித்தான் இருந்திருப்பான். வெளிநாட்டு விமானம் ஏற நாடியில் இறங்கியபோது மூட்டை இறக்கியவர்தான் சொன்னார், அன்று அவனுடைய முறையே இல்லையாம், வேறொருவரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டு வந்தானாம். அதற்குள் அவன் கதவைச் சாத்தி இஞ்சினைக் கிளப்பிவிட்டான்.

இருக்கை காலி என்று எழுதினானா. சரி.

நீலத்தையே எடு. வேலை தருகிறவர்கள் குறிப்பையெல்லாம் படிக்கமாட்டார்கள், ஆனாலும் எடு. கழகத்துக்கும் நீலத்தையே சிபாரிசு செய்துவிட்டேன். "ஏன்?" என்று தலைவர் கேட்டார். "என் மருமகள் ஆராய்ந்து சொன்னாள்" என்றேன்.

வேலை முறை இது. முதலில் ஊர்ப் பட்டியலில் நௌசோரி, லெவுகா, சவுசவு, லம்பாசா, காந்தாவு எல்லாவற்றையும் நீயே சேர்க்க வேண்டும், அதில் இல்லை. என் அமைப்புக் கோப்பை ஒரு பிளாப்பியில் போட்டு அனுப்புகிறேன். அதை ஏற்றிக்கொண்டால் மற்ற எதையும் நீ மாற்ற வேண்டியதில்லை. புத்தகத்தில் என்ன நேரம் இருக்கிறதோ அதை அப்படியே அடி. தினமும் முடித்ததும் பிளாப்பியில் ஒரு நகல் எடுத்துப் பள்ளிக்குக் கொண்டு போய்விடு. வீட்டில் வைக்காதே.

சாப்பிடுகிறாயா? கண்ணுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவு.

அத்தை

*

லாமி
5 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அத்தைக்கு,

முடிந்துவிட்டது! உங்கள் அமைப்புக் கோப்பு வந்து ஏற்றும் முன்பே தொடங்கியவற்றையும் சேர்த்து முப்பத்தெட்டு இரவுகள். இத்துடன் பிளாப்பி இருக்கிறது, பயந்து இரண்டாகவே அனுப்புகிறேன். மொத்தம் 4,612 மணி. அப்பாவின் கடைசிப் பக்கக் கூட்டுத்தொகையும் அதேதான். கடைசி எண்ணும் பொருந்தியபோது கட்டிலுக்குக் கீழே இருப்பதை மறந்து எழுந்து தலையை இடித்துக்கொண்டேன்.

அதற்குமேல் பார்க்க நேரமில்லை, பாட்டரி நின்றுவிட்டது. இங்கே அச்சு இயந்திரமும் இல்லை. நீங்கள்தான் அச்சிட்டு அனுப்ப வேண்டும்.

நடுவில் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். ஒரு நாள் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து அறை வாசலில் நின்றார். திரையின் வெளிச்சத்தைப் போர்வையால் மூடிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு போய்விட்டார்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மே மாதத்திலிருந்து இரவு என்றால் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கிடப்பதுதான். இந்த முப்பத்தெட்டு இரவும் எனக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. அப்பாவோடு தவெயுனிக்கும் காந்தாவுக்கும் போய்வந்தேன். நீங்கள் "செய்கிறேன்" என்று எழுதிய காகிதத்தைத் தமிழ்ப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

க்ரேஸ்

*

ஆக்லாந்து
18 ஆகஸ்ட் 2000

க்ரேஸ்,

இதை உட்கார்ந்துகொண்டு படி. தவறு என்னுடையது. உன்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பதினான்காம் தேதிதான் பிளாப்பி கையில் கிடைத்தது. மறுநாள் கெடு. அச்சிட்டேன், மொத்தத்தை மட்டும் பார்த்தேன், உறையில் போட்டு நானே பஸ் பிடித்துப் போய்க் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேற்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. மொழிபெயர்த்துத் தருகிறேன்: "பகலில் மட்டும் பறக்க அனுமதி உள்ள கம்பெனியில் ஒருவர் 4,391 மணி இரவில் பறந்திருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. எண்களை இட்டுக்கட்டுகிற விண்ணப்பதாரர்களை நாங்கள் மறுமுறை பார்ப்பதில்லை."

என்ன நடந்தது தெரியுமா? எங்கள் கழகத்தில் எல்லா நேரத்தையும் கிரீனிச் நேரத்தில் எழுதுவது வழக்கம். சுவரிலேயே இரண்டு கடிகாரம். நான் அனுப்பிய கோப்பு, வருகிற நேரம் எல்லாம் கிரீனிச் என்று எடுத்துக்கொள்ளும். உன் அப்பா எழுதியிருப்பது ஃபிஜி நேரம். ஃபிஜி கிரீனிச்சுக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி முன்னால். காலை எட்டு மணிக்குக் கிளம்பினான் என்று நீ அடித்தால், புரோகிராம் அதை ஃபிஜியில் இரவு எட்டு என்று கணக்கிட்டிருக்கிறது. வேறு நாடாக இருந்தால் பாதி தப்பியிருக்கும். நம் நாட்டில் பகல் முழுதும் அப்படியே இரவாகிவிட்டது.

போன் செய்து மன்றாடினேன். செப்டம்பர் பதினைந்துவரை தருகிறார்கள். ஆனால் விமானியே கையெழுத்திட்ட விளக்கம் வேண்டுமாம், திருத்திய பட்டியலோடு. அவன் பெயர் கெட்டது என்னால். பத்து நிமிடம்கூடக் கூட்டி எழுதாதவன் அவன். பள்ளியில் மாங்காய் திருடியதைக்கூட எண்ணிச் சொன்னவன்.

ஆகவே நீ அவனிடம் சொல்லியாக வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டான். பயமாக இருந்தால் எல்லாவற்றையும் என் மேல் போடு. ஏற்கனவே கோபம் இருக்கிறது, இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அத்தை

*

லாமி
30 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் முடியவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிறு. ஆலயத்திலிருந்து வந்ததும் அப்பா யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போட்டுக்கொள்ள வேலை இல்லை, ஆனாலும் ஞாயிறுதோறும் போடுவார். நான் லாப்டாப்பைக் கொண்டுபோய் இஸ்திரிப் பலகையின் நுனியில் வைத்தேன். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"யாருது இது?"

"மோகினி டீச்சருது. அப்பா, உங்க லாக்புக் எல்லாத்தையும் இதுல ஏத்தியிருக்கேன்."

"என் புஸ்தகத்த எப்பத் தொட்ட?"

"ராத்திரி. முப்பத்தெட்டு ராத்திரி."

அவர் திரையைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே வேலை, பட்டியல், கம்பெனியின் பதில் எல்லாவற்றையும் சொன்னேன். இரவு மணி இருக்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"லெவுகாவுக்கு ராத்திரி போனேனா நான்? அரே, அங்க விளக்கே கிடையாதே! மாட்டு மேல இறங்கினேனா?"

சிரித்தார், அத்தை. மே மாதத்துக்குப் பிறகு முதல் முறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "யாரு இத இப்படி வெச்சுக் கொடுத்தது?" என்றார்.

"ஆக்லாந்து அத்தை."

சிரிப்பு நின்றது. இஸ்திரிப் பெட்டி சட்டைப் பையின் மேலேயே இருந்தது. பை பழுப்பாகிப் புகை வந்த பிறகுதான் எடுத்தார். தீய்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்குச் சின்ன வயசிலேர்ந்தே மணி பாக்க வராது."

அவ்வளவுதான். திட்டவில்லை. "இங்க வந்து உக்காரும்மா. எப்படித் திருத்தறது?" என்றார்.

நேரத்தை ஃபிஜி நேரம் என்று ஒரே தட்டில் மாற்ற முடிந்தது. இரவு மணி மளமளவென்று குறைந்தது. ஆனாலும் பூஜ்யம் ஆகவில்லை. போன இரண்டு கோடையிலும் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைத்தது அப்பாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. அந்த மாதங்களைத் தனியாகத் திருத்தினோம். அப்போதும் பதினொரு வரி மிஞ்சியது. திரும்பத் திரும்பப் பார்த்தோம். தப்பே இல்லை. அந்தப் பதினொரு முறையும் அப்பா சூரியன் மறைந்த பிறகுதான் நௌசோரியில் இறங்கியிருக்கிறார். புத்தகத்தில் எல்லாவற்றையும் பகல் கட்டத்தில் எழுதியிருக்கிறார்.

நான் குறிப்புகளைப் படித்தேன். "பிரசவம், இரட்டை." "தீக்காயம், பெண், 30." "மூச்சுத் திணறல். நர்ஸ் வழியெல்லாம் ஜெபித்தாள்." பதினொன்றும் தீவுகளிலிருந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பயணங்கள்.

"இரவுன்னு எழுதியிருந்தா கம்பெனியோட அனுமதி போயிருக்கும்" என்றார் அப்பா. "நேரத்த நான் மாத்தல. கட்டத்த மாத்தினேன்."

அந்தப் புரோகிராமில் ஒரு பட்டன் இருக்கிறது, அத்தை. கணக்கை நிறுத்திவிட்டு நாமே எண் போடலாம். "பூஜ்யம் போட்டுடலாம் அப்பா, புஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு" என்றேன். எனக்கு எவ்வளவு பயம் என்றால், என் விரல் அதன் மேலேயே இருந்தது. அவர் என் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினார். "முதல்ல ஒருதடவ பொய்க்காரன்னு சொல்லிட்டாங்க. அது நான் இல்ல. இதுல பூஜ்யம் போட்டா அது நான்" என்றார்.

ஆகவே இத்துடன் திருத்திய பட்டியல் பிளாப்பியில் இருக்கிறது, நீங்கள்தான் அச்சிட வேண்டும். இரவு: 5.2 மணி. அப்பாவின் விளக்கக் கடிதமும் இருக்கிறது. அதில் கடிகாரத் தவறு நான்கு வரி, பதினொரு பறப்பு ஒரு பக்கம். உங்கள் பெயரை எழுதவில்லை. "என் குடும்பத்தார் உதவியபோது நேர்ந்த பிழை" என்று எழுதியிருக்கிறார்.

வேலை கிடைக்காமல் போகலாம் என்று அம்மா சொல்கிறார். எனக்கும் தெரியும். ஆனால் நேற்று அப்பா அம்மாவுக்கு அந்த ஆமைக் கதையைச் சொன்னார். பதினாறு வருடத்தில் அம்மா அதைக் கேட்டதில்லையாம்.

க்ரேஸ்

*

ஆக்லாந்து
14 செப்டம்பர் 2000

க்ரேஸ் கண்ணு,

உறையைப் பிரித்துப் படித்ததும் எனக்கும் அந்தப் பட்டனை அழுத்தத் தோன்றியது. ஒளிக்க மாட்டேன். "இவனுக்கு என்ன, கேட்காத கேள்விக்கு ஒரு பக்கம் பதில்!" என்று சமையலறையில் தனியாகக் கத்தினேன். பிறகு "என் குடும்பத்தார்" என்ற இடத்தை மறுபடி படித்தேன். பஸ் பிடித்தேன்.

தலைமை விமானி ஒரு முரட்டுக் கிழவர். என் எதிரிலேயே படித்தார். அரை மணி நேரம். குறிப்புகளையும் படித்தார், நான் சொன்னது தப்பு. கடைசியில், "இவர் விதியை மீறியிருக்கிறார். பதினொரு முறை" என்றார். "காப்டனாக எடுக்க முடியாது" என்றார். எழுந்துவிட்டேன். "உட்காருங்கள் அம்மா. ஒரு வருடம் வலது பக்க இருக்கையில் உட்காரட்டும், துணை விமானியாக. நான் அடுத்த இருக்கையில் இருப்பேன். வானத்தில் என்னிடம் எதையும் மறைக்காத ஆள் எனக்கு வேண்டும்" என்றார்.

பதினாறு வருடம் காப்டனாக இருந்தவன். ஒப்புக்கொள்வானா என்று எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்.

என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதையும் சொல். நான் சொன்னதாகச் சொல்லலாம்.

அத்தை

*

லாமி
24 செப்டம்பர் 2000

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா ஒப்புக்கொண்டார். யோசிக்கக்கூட இல்லை. "வலது பக்கம்னா கடல் நல்லாத் தெரியும்" என்றார். பிறகு குளியலறைக்குள் போய் வெகு நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

வேலை அனுமதி அக்டோபரில் வந்துவிடுமாம், அவர் முதலில் தனியாக வருவார். நானும் அம்மாவும் பிறகு. இங்கே பயம் போய்விடவில்லை. எங்கள் வகுப்பில் ஏழு நாற்காலி காலி. என் தோழி ஷீனல் போன வாரம் யாரிடமும் சொல்லாமல் பிரிஸ்பேன் போய்விட்டாள். மோகினி டீச்சரும் கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். லாப்டாப்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொன்னேன். "எனக்கும் பயந்தான் க்ரேஸ், உனக்கு உதவி செய்த நேரத்தில் கொஞ்சம் மறந்திருந்தேன்" என்றார். செரா ஆன்ட்டியிடம் அப்பா போகிறார் என்று சொன்னபோது அவர் என்னையும் அம்மாவையும் கட்டிக்கொண்டு அழுதார். "எங்க ஆளுங்க செஞ்சதுக்கு நீங்க போறீங்க" என்றார். எங்கள் படியில் உட்கார்ந்தவரும் உங்கள் ஆள்தானே என்று அம்மா சொன்னார்.

அத்தை, உங்களுக்கு எழுதியபோதெல்லாம் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்றே எனக்குத் தெரியாது. முகம் தெரியாமலே என் பேச்சை நம்பினீர்கள். நான் கேட்டது ஒரு புரோகிராமின் பெயர். அதற்காக நீங்கள் இரண்டு முறை பஸ் பிடித்தீர்கள், போனில் மன்றாடினீர்கள். நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்பா ஒன்று எழுதச் சொல்கிறார். பக்கத்தில் நின்று நான் சரியாக எழுதுகிறேனா என்று பார்க்கிறார், ஒரு எழுத்தும் புரியாவிட்டாலும். "விமான நிலையத்துக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும்னு எழுது" என்றார். எழுதி முடித்ததும், "எத்தனை மணிக்கு வந்து சேரும்னும் எழுது" என்றார். அக்டோபர் இருபத்தெட்டு, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். ஆக்லாந்து நேரம்.

க்ரேஸ்

*

ஆக்லாந்து
29 அக்டோபர் 2000

என் தங்கமே,

வந்து சேர்ந்தான். மூன்று மணிக்கே போய் நின்றேன். மணி பார்க்க வராதவள்தானே நான்.

இளைத்திருக்கிறான். லாக்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு துணிப்பெட்டியைத் தொலைத்துவிட்டான். அது சிட்னிக்குப் போயிருக்கிறதாம். என்னைப் பார்த்ததும் நின்றான். நானும் நின்றேன். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரர் "வழி விடுங்க" என்று இருவரையும் சேர்த்துத் திட்டினார். அதன் பிறகு, கழகத்தில் நான் இரவல் வாங்கிவந்த காரில் ஏறி வீடு வரும்வரை நான் ஓட்டுவதைக் குறை சொன்னான். "இண்டிகேட்டர் போடுக்கா." "இந்த வேகத்துக்கு நடந்தே போகலாம்க்கா." பொறுக்காமல், "இறங்கி நடடா!" என்று கத்தினேன். பாதி வழியில் பார்த்தால் இருவர் முகமும் நனைந்திருக்கிறது, வாய் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

க்ரேஸ், ஒன்று சொல்ல வேண்டும். நீ நன்றி நன்றி என்று எழுதுகிறாய். பதின்மூன்று வருடமாக இந்த வீட்டில் ஒரு தட்டுதான் கழுவுவேன். நேற்று இரண்டு கழுவினேன். யார் யாருக்கு நன்றி சொல்வது?

இன்று காலை உனக்கும் அம்மாவுக்கும் விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். உன் தாளில் "இந்தப் பிள்ளைக்கு இங்கே பொறுப்பு யார்?" என்று ஒரு கேள்வி, கையெழுத்துக்கு ஒரு சின்ன இடம். வீடு என்னுடையது என்று நான் போட்டேன். "அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ யாரு போட?" என்று பேனாவைப் பிடுங்கி அவனும் அதன் மேலேயே போட்டான். இப்போது இரண்டும் படிக்க முடியவில்லை. இந்தத் தாளை வாங்கமாட்டார்கள்.

நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் புதுத் தாள் வாங்கப் போகிறோம். இரண்டு பேருமாக.

அத்தை